தை மாதத்தில் மலைக்குச் செல்வோம்

அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து மேற்கே செல்லும் இருப்புப் பாதையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இவ்வழியேதான் ஓடிற்று. இன்று அப்பாதை அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டு ஜோலார்பேட்டையை அடைகிறது. காட்பாடியைத் தாண்டியதும் இடப்புறத்தே நீலநிறமாக ஒரு மலைத்தொடர் உடன் வருவதைக் காணலாம். அது ஜவ்வாது மலை. ஜோலார்பேட்டையை நெருங்கும்பொழுது தனித்து எழுந்து நிற்பது ஏலகிரி. நம்மவருள் பலர் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகும்போது இவற்றைச் சன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கி ஏறிப் பார்த்தவர்கள் சிலரே.

சங்கங்களைத் தணிக்கை செய்யவும் மகாசபைகளில் கலந்துகொள்ளவும் நாம் செல்லுமிடங்களில், அண்மைக் காலத்தில் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு எங்காவது போய்வர வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வசதி எல்லோருக்கும் இல்லை. அருகில் எந்த மலைக்குப் போகலாம்? அங்கே என்ன செய்யலாம்?” என்பதே அது. கேள்வி நியாயமானது. பகல் முழுவதும் தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்திருப்பவருக்கும், குனிந்தபடியே களையெடுப்பவருக்கும், நிமிர்ந்து நடந்து தூரத்தைப் பார்ப்பது ஒரு மருந்து. ஆகவே நம் வட்டாரத்திலிருந்து எளிதில் சென்றுவரத் தக்க மூன்று மலைகளைப் பற்றியும், அங்கே காணத்தக்கன, செய்யத்தக்கன, செய்யத்தகாதன பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

ஒரே நாளில் குடியம்

மலையேறிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் வீட்டுக்கு அருகிலேயே தொடங்குவது நல்லது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அல்லிக்குழி மலைப்பகுதியில் குடியம் குகைகள் இருக்கின்றன. உயரமான மலை அன்று. புதர்க்காட்டினூடே நடந்து சென்றால் கூழாங்கற்கள் பதிந்த பாறைச்சுவர் ஒன்று திடீரென்று எதிரே கூரைபோல் கவிந்து நிற்கும். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் சற்று நேரம் பேசமாட்டார்.

இவ்வட்டாரத்தின் பெருமை உலகம் அறிந்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார். அங்கே கிடைத்தவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு அவர்களும் அவருடைய குழுவினரும் 2011-இல் ஆய்ந்து வெளியிட்டனர். குடியத்திலோ 1962 முதல் 1964 வரை கே. டி. பானர்ஜி அகழாய்வு நடத்தினார். பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. பிள்ளைகளை முதலில் அங்கே அழைத்துச் சென்று கற்கருவிகளைக் காட்டிவிட்டுப் பிறகு குகைக்கு அழைத்துச் சென்றால், கையால் செய்யும் தொழில் எவ்வளவு பழையது என்பது சொல்லாமலே விளங்கும்.

குடியத்துக்குப் போகும் வழி காப்புக்காட்டில் செல்கிறது. வனத்துறையின் அனுமதி வேண்டும். வழியில் நிழல் குறைவு, குடிநீர் கிடையாது. அதிகாலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவதே முறை. மாலையில் பூண்டி ஏரிக்கரையில் சற்று அமரலாம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் பெற்ற அந்நீர்த்தேக்கத்துக்கு, மேற்கேயுள்ள நகரி மலைப்பகுதியில் பெய்யும் மழை ஓடைகளாகவும் ஆறுகளாகவும் வந்து சேர்கிறது. நம் குழாயில் வரும் நீரில் ஒரு பகுதி மலையிலிருந்து வந்ததே. மலைக்குப் போகிறவர் அந்நினைவோடு போவது நல்லது.

இரண்டு நாளில் ஏலகிரி

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை ரயில் வழியில் ஏறத்தாழ 210 கிலோமீட்டர். அங்கிருந்து ஏலகிரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ் வசதி உண்டு. பொன்னேரி என்னும் ஊரருகே மலைப்பாதை தொடங்குகிறது. (நம் மாவட்டத்துப் பொன்னேரி அன்று, அது வேறு.) பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே ஏறுவது நல்ல தமிழ்ப் பாடமாகும்.

ஏலகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். 14 சிற்றூர்கள் அதில் அடங்கும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக ஆறு அல்லது ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆவடியில் 36 பாகை வெயில் காயும் நாளில் ஏலகிரியில் 29, 30 பாகை இருக்கலாம். ஊட்டியின் குளிரை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவர். கீழ்நாட்டு வெக்கையிலிருந்து சற்று விடுதலை தேடுகிறவருக்கு இது போதும். கம்பளி மூட்டை சுமக்க வேண்டியதில்லை.

பார்ப்பதற்கு இங்கே புங்கனூர் ஏரியும் அதன் படகுத்துறையும் இருக்கின்றன, பூங்கா இருக்கிறது, நிலாவூரில் ஏரியும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. ஆயினும் ஏலகிரிக்குச் சென்றவர் அவசியம் செய்ய வேண்டியது சுவாமிமலை ஏற்றமே. மங்கலம் என்னும் சிற்றூரிலிருந்து புறப்படும் ஒற்றையடிப் பாதை, காட்டினூடே ஏறி உச்சிக்குச் செல்கிறது. உச்சிப் பாறையில் நின்றால் மேட்டுநிலம் முழுவதும் காலடியில் விரியும். வயல்கள் பாவு விரித்தாற்போல் கீற்றுக் கீற்றாகத் தெரியும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை நாள் ஒதுக்கினால், முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

ஆட்டாறு விழும் ஜலகாம்பாறை அருவியை இம்மலையோடு சேர்த்துப் பார்ப்பவர் உண்டு. திருப்பத்தூரிலிருந்து சாலை வழியாகச் செல்வதே எளிது. மழைக்குப் பின் சில மாதங்களே அருவியில் நீர் இருக்கும். கோடையில் போய்விட்டு ‘அருவியைக் காணோம்’ என்று குறை கூறுவதில் பயனில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போது அருவியின் அடியில் நிற்பதும் கூடாது. மேலே பெய்யும் மழை நம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் வரும்பொழுதுதான் தெரியும்.

ஜவ்வாதும் காவலூரும்

ஏலகிரி சிறியது, ஜவ்வாது பெரியது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். அங்கே கோலப்பன் ஏரியில் படகு செலுத்தலாம். பீமன் அருவிக்கு நடந்து போகலாம். வேலூர்ப் பக்கமிருந்து ஏறினால் அமிர்தியில் சிறு உயிரியல் பூங்காவும் அருவியும் உண்டு. கீழ்செப்பிலியில் பெருங்கற்காலத்துக் கற்றிட்டைகள் பல நிற்கின்றன. பலகைபோன்ற பாறைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகைப்பாறையை மூடியாக வைத்த ஈமச்சின்னங்கள் அவை. குடியத்தில் கல்லைக் கருவியாக்கியவரைக் கண்டோம்; இங்கே கல்லை வீடாக்கி மாண்டோருக்கு அளித்தவரைக் காண்கிறோம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் காவலூர் வரும். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வு நிலையம் இருக்கிறது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு காரணம். 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதற்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது. அந்நிகழ்ச்சியைக் கவனித்துப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986-இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இந்நாட்டிலேயே செய்து நிறுவப்பெற்று, நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்பு அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். வானம் தெளிவாயிருக்கும் இரவில் சிறு தொலைநோக்கியால் நிலவையும் வியாழனையும் ஒருமுறை பார்த்த பிள்ளை அதை எந்நாளும் மறக்காது.

மலையில் வாழ்பவர் யார்?

இம்மலைகளைப் பற்றிய விளம்பரங்களில் ஏரி இருக்கும், அருவி இருக்கும், விடுதி இருக்கும். அங்கே உழுது பிழைக்கும் மக்கள் இருக்கமாட்டார்கள். ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தாரல்லர், மலையை ஆள்பவர் என்பது பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. அப்படியாயின் நம் வட்டாரத்துக்கும் அவர்களுக்கும் பழைய உறவுண்டு. அவர்கள் விளைவிப்பவை சாமை முதலிய சிறுதானியங்கள், பலா, கொய்யா, புளி. காட்டிலிருந்து எடுப்பவை தேனும் கடுக்காயும்.

இவர்களுடைய நிலைமையை நெசவாளர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நூலைக் கடனாகக் கொடுத்து, துணிக்கு விலையைத் தானே வைத்து எடுத்துக்கொண்ட முதலாளியின் காலம் நம் பெரியோர்களுக்கு நினைவிருக்கும். அந்நிலையை மாற்றவே ஊர்தோறும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. மலையிலும் அதே கதைதான். விதைக்கக் கடன் கொடுத்த வியாபாரியே களத்தில் நின்று சாமையை அளந்து எடுத்துக்கொண்டான். உமி நீக்கும் வசதி ஊரில் இல்லாவிட்டால், உமியோடு விற்பதைத் தவிர வேறு வழியில்லை. விளைவித்தவனுக்குக் கிடைக்கும் விலை ஒன்று. அதே சாமை நகரத்துக் கடையில் பொட்டலமாக விற்கும் விலை வேறொன்று.

இதற்கு மாற்றாகவே 1971-இல் பாவா குழு பரிந்துரைத்தபடி பழங்குடி மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கடன், விதை, உரம், அன்றாடப் பண்டங்கள், வனப்பொருள் கொள்முதல் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்பது அவற்றின் கருத்து. ஜவ்வாது, ஏற்காடு, கொல்லி ஆகிய மலைகளில் இத்தகைய சங்கங்கள் உண்டு. ஆகவே மலைக்குப் போகும் கூட்டுறவாளர் தேனோ, சாமையோ, புளியோ வாங்க எண்ணினால், முதலில் ‘சங்கம் எங்கே?’ என்று கேட்க வேண்டும். சங்கத்தில் இல்லாவிட்டால் சாலையோரத்தில் தம் விளைபொருளை வைத்து விற்கும் குடும்பத்தாரிடம் வாங்கலாம். அவர்களிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, விடுதியில் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருவது நமக்கு அழகன்று. நம் கைத்தறிச் சேலையை யாரேனும் அவ்வாறு பேரம் பேசினால் நாம் என்ன நினைப்போம்?

குரங்கணி கற்பித்தது

இனி, இக்கட்டுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். ஒரு குழு சென்னையிலிருந்து சென்றது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்றது. 23 உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் இளம் வயதினர். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி இல்லையென்று பின்னர் அரசு தெரிவித்தது. மார்ச் மாதம், புல் காய்ந்து சருகாய் நின்ற காலம், காற்று வீசிற்று, தீ சரிவில் மேல்நோக்கிப் பாய்ந்தது. தீ ஏறும் வேகத்துக்கு மனிதன் ஏற முடியாது. அவ்விடத்தின் வழிகளையும் காற்றின் போக்கையும் அறிந்தவர் உடனிருப்பதன் அருமை அப்பொழுதுதான் புலப்படும்.

அதன் பின்னர் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலைநடைக்கென விதிகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், வனத்துறை வாயிலாக 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளை முறைப்படுத்திப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. குடியம் குகைகளும் ஏலகிரிச் சுவாமிமலையும் அவற்றுள் அடங்கும். முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தினால், பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். வழிகாட்டிகளுள் பலர் மலையூர்களைச் சேர்ந்த இளைஞர்களே. நாம் செலுத்தும் கட்டணம் ஒருவருக்கு ஊதியமாகவும், நமக்குக் காவலாகவும் ஆகிறது. காட்டுத்தீக் காலமாகிய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இப்பாதைகள் மூடப்படுவது வழக்கம்.

இவ்விதிகளை வீண் தொல்லை என்று நினைப்பவர் இன்னும் உண்டு. நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் சிலர், பங்குனி விடுமுறையில் வேன் அமர்த்திக்கொண்டு, தரகர் ஒருவர் மூலம் அனுமதியின்றி ஒரு மலைக்குச் செல்ல ஏற்பாடு செய்துகொண்டிருந்தனர். நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது அப்பேச்சு வந்தது. “ஐயா, கட்டணமும் மிச்சம், கேட்பாரும் இல்லை என்று அந்த ஆள் சொல்கிறாரே” என்றார் ஓர் இளைஞர். நாம் மறுமொழி கூறுமுன், கீரைத்தோட்டம் வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார். “ஏனப்பா, உன் பாவு நனைந்திருக்கிறபோது கேட்காமல் ஒருவன் தெருவில் வண்டியை விட்டால் பொறுப்பாயா? என் பாத்தியை மிதித்துக்கொண்டு நாலு பேர் போனால் நான் பொறுப்பேனா? மலையும் யாரோ ஒருவர் பாத்திதானே? கேட்டுவிட்டுப் போனால் என்ன?” என்றார். இளைஞர் சிரித்துவிட்டார். பயணம் தள்ளிவைக்கப்பட்டது. விதியின் உட்பொருளை அவ்வம்மையார் கூறியதைவிடத் தெளிவாக நாம் கூற இயலாது.

எந்த மாதம் ஏற்றது?

நமக்கு ஏற்ற மாதம் தை என்பது எம் முடிவு. காரணங்களைக் கூறுகிறோம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நெசவாளருக்கு வேலை குறைவு. தறிக்குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்டி உலர்த்த வெயில் இராது. ஆனால் அதே மாதங்களில் மலையில் மழை கடுமையாக இருக்கும், பாறை வழுக்கும், அருவிகளில் வெள்ளம் வரும். பயிரிடுவோருக்கும் அது ஓய்வுக் காலமன்று. பங்குனி, சித்திரையிலோ காடு காய்ந்து கிடக்கும், பாதைகள் மூடியிருக்கும். மே மாதத்தில் கோடை விழாவுக்காகப் பெருங்கூட்டம் கூடும். விடுதி வாடகை ஏறும். பொங்கலுக்குப் பிறகு வரும் நான்கு வாரங்களே இரு தொழிலாருக்கும் பொதுவானவை. அறுவடை முடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், அருவியில் நீர் ஓரளவு எஞ்சியிருக்கும், காட்டில் பசுமை இருக்கும், காவலூரில் விண்மீன் பார்க்கவும் ஏற்ற காலம். பிப்ரவரி நடுவில் பாதைகள் மூடுமுன் திரும்பிவிடலாம்.

பணத்துக்கு வழி

சுற்றுலாச் செலவுக்குச் சங்கத்தின் நிதியில் கை வைக்கலாகாது. இதைச் சொல்வது இன்ஸ்பெக்டரின் கடமை. அதற்கு அவசியமும் இல்லை. நாற்பது அங்கத்தினர் ஒன்றுகூடி வாரம் 25 ரூபாய் வீதம் தனியே சேமித்து வந்தால், ஆளுக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய். மொத்தம் 52,000 ரூபாய் ஆகும். தை பிறக்கும்போது தொகை கையில் இருக்கும். கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை. கணக்கைத் தனி நோட்டில் எழுதி, மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும். சிறு கூட்டு முயற்சி பெரும்பாலும் பணமில்லாமையால் கெடுவதில்லை. கணக்கு எழுதாமையால்தான் கெடுகிறது.

எடுத்துச் செல்வனவும் விட்டுவர வேண்டியனவும்

மலை நடைக்குப் பருத்தி ஆடையே ஏற்றது என்று கூறினால், நெசவாளர் பத்திரிகையில் வேறென்ன எழுதுவார்கள் என்று சிலர் நகைக்கலாம். காரணம் உண்டு. செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு உருகாது. வெயிலில் வியர்வையை உறிஞ்சவும் அதுவே நல்லது. மாற்றுத் துணி ஒரு செட்டும், தலைக்கு ஒரு துண்டும் போதும். காலுக்குப் பிடிப்புள்ள செருப்போ பூட்சோ வேண்டும். புதுச்செருப்பு அணிந்து மலையேறுவது துன்பம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெல்லமும் வேர்க்கடலையும், வழக்கமாக உண்ணும் மருந்துகள், ஒரு விசில், ஒரு டார்ச் விளக்கு ஆகியன போதுமானவை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளன. மலையில் எறிந்த பை மழையில் அடித்து ஓடையை அடைக்கும். மாடும் மானும் தின்று மடியும். மஞ்சப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவர 2021-இல் அரசு இயக்கம் தொடங்கிற்று. மஞ்சப்பையை விட்டுவிட்டவர்களுக்குத்தான் மீட்பு இயக்கம் தேவை. நம் வீடுகளிலோ தறியிலிருந்து இறங்கிய துண்டுத் துணிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பைகள் தைத்து எடுத்துச் செல்லட்டும். ஒன்றில் உணவு, மற்றொன்றில் நாம் உண்டாக்கிய குப்பை. அக்குப்பை நம்மோடு கீழே இறங்கிவர வேண்டும்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது புண்ணியம் என்று நம்மவர் எண்ணுகிறார்கள். கொடுத்துப் பழக்கிய குரங்கு, நாம் போன பிறகு மலைக்குடியானவரின் பலாவையும் கொய்யாவையும் நாடிச் செல்கிறது. நாம் தேடிய புண்ணியத்துக்கு அவர் விலை கொடுக்கிறார். காட்டில் அடுப்பு மூட்டலாகாது. பீடி, சிகரெட்டுத் துண்டை எறியலாகாது. மதுப்புட்டி கொண்டு செல்வோரை நிர்வாகிகள் குழுவில் சேர்க்காதிருப்பதே மேல். உடைந்த கண்ணாடி வெறுங்காலோடு நடப்பவரின் காலில்தான் ஏறும். மலைமக்களைப் படம் பிடிக்க விரும்பினால் கேட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் கூறுவது மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக அன்று. சுவாமிமலை உச்சியில் காற்று வாங்கவும், பீமன் அருவியின் சாரலில் நனையவும், காவலூரில் வியாழனைப் பார்க்கவும் போகிறவர் முழு மனத்தோடு மகிழட்டும். பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் பாட்டுப் பாடட்டும்.

மலைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு ஓரிரு நாள் பொழுதுபோக்கோடு முடிவதன்று. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடுகிறது. வழியிலுள்ள ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் அதுவே உயிர். மலையில் காடு நின்றால் மழைநீர் மண்ணில் இறங்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு வரும். காடு எரிந்தால் ஒரே நாளில் சேறாக அடித்துச் சென்றுவிடும். ஐக்கிய நாடுகள் சபை 2003-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 11-ஆம் நாளை உலக மலைகள் நாளாகக் கொண்டாடி வருவதற்கும் இத்தகைய எண்ணமே காரணம். மேலே உழுபவர் அங்கேயே கௌரவமாகப் பிழைக்க முடிந்தால் காட்டுக்கு அவரே முதற் காவலர் ஆவார்.

ஆதலின் சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூறும் யோசனை இது: அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். சேமிப்புக் குழுவை இவ்வாரமே தொடங்குங்கள். மார்கழியில் அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் பதிவு செய்யுங்கள். முதலாண்டில் குடியம், அடுத்த ஆண்டில் ஏலகிரி, மூன்றாம் ஆண்டில் ஜவ்வாது. மலைச்சங்கத்தாரோடு அறிமுகம் ஏற்பட்டால், அவர்களுடைய சாமையும் தேனும் நம் சங்கக் கடைக்கும், நம் துண்டும் போர்வையும் அவர்களுடைய கடைக்கும் போய்வர வழி பிறக்கலாம். மலையேறிவந்த அங்கத்தினர்கள் தாம் கண்டதையும் வாங்கியதையும், வழியில் நேர்ந்த இடையூறுகளையும் நான்கு வரி எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பினால், பின்னர்ச் செல்வோருக்கு அது பெரிதும் உதவும்.